நெய்ல் கன்னுக்கு கம்ப்ரசர் வாங்கப் போறீங்களா: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோயம்புத்தூர்ல ஆணி அடிக்கிற நெய்ல் கன், அதுக்கு காத்த அழுத்திக் குடுக்குற சின்ன கம்ப்ரசர் சர்வீஸ் பண்றதுதான் நம்ம பொழப்பு. கார்பென்டர், இன்டீரியர் வேலை பாக்குறவங்க, சோஃபா கடைக்காரங்க, பேக்கிங் பெட்டி அடிக்கிறவங்கன்னு யார் வந்தாலும் கேக்குறது சுத்தி சுத்தி இதே கேள்விங்கதான், போன்லயும் இதேதான். அவங்க கேட்ட மாதிரியே எழுதி பதிலும் போட்டு வச்சிருக்கேன், மேலேர்ந்து வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா கீழ இருக்குற பதில் பாதி மேல சொன்னத வச்சுதான் போகும்.

கம்ப்ரசர் எல்லாம் எதுக்குங்க, பேட்டரி நெய்ல் கன் வாங்கிட்டா முடிஞ்சதில்ல?

முடியும். மாசத்துக்கு ரெண்டு மூணு நாள்தான் ஆணி அடிக்கிற வேலை, பாதி சைட்ல கரண்ட்டே இருக்காதுன்னா பேட்டரி கன் நல்ல முடிவுதான். ஆனா அது கைக்கு வெயிட்டு, ஒரு கன் விலையில காத்துல ஓடுற கன் ஒன்னும் சின்ன கம்ப்ரசர் ஒன்னும் சேர்த்தே வாங்கிடலாம், அதுவும் ஒரு பேட்டரி கன் ஒரு வகை ஆணிதான் அடிக்கும். கம்ப்ரசர் ஒன்னு இருந்தா பிராட் நெய்லர் (மெல்லிசு ஆணி அடிக்கிறது), பின் கன், ஸ்டேப்ளர், காங்கிரீட் கன் எல்லாத்தையும் மாத்தி மாத்தி மாட்டிக்கலாம், தூசி ஊதிக்கலாம், வண்டிக்கு காத்தும் அடிச்சுக்கலாம்.

தினம் வேலை இருக்கிறவங்களுக்கு நான் கம்ப்ரசர்தான் சொல்வேன். ரிப்பேர் ஆனாலும் காத்து கன்னுல பத்துல எட்டு தடவ ஒரு ஓ-ரிங் (ரப்பர் வளையம்) மாத்துற வேலைதான்.

கார் டயருக்கு காத்து அடிக்கிற சின்ன பம்ப் வீட்ல இருக்கு, அதுலயே 150 பிஎஸ்ஐ-ன்னு போட்ருக்கே, அதுல கன் ஓடுமா?

ஓடாது. பிஎஸ்ஐ-ங்கிறது காத்து எவ்ளோ அழுத்தமா இருக்குன்னு சொல்றது, எவ்ளோ காத்து இருக்குன்னு சொல்றது இல்ல. கன் ட்ரிகர அமுக்கினதும் ஒரு லிட்டர் சுத்தி காத்த கண் இமைக்கிற நேரத்துல உள்ள இழுக்கும், அத குடுக்கத்தான் டேங்க் வேணும். டயர் பம்ப்ல டேங்க்கே கிடையாது, முதல் அடியே மரத்துல பாதி நிக்கும், அடுத்த அடிக்கு நீங்க காத்திருக்கணும்.

எத்தன ஹெச்பி வாங்கணும் ப்ரோ, ஒன்னா ரெண்டா?

இந்தக் கேள்விலேர்ந்து ஆரம்பிக்கிறதுனாலதான் பாதி பேர் தேவைக்கு மேல வாங்கி தூக்க முடியாம கஷ்டப்படுறாங்க. ஹெச்பி மோட்டாரோட கணக்கு, 1 ஹெச்பி 746 வாட். அந்த மோட்டார் எவ்ளோ காத்து தள்ளுதுங்கிறது பம்ப்போட தரத்த பொறுத்தது, ஒரே 2 ஹெச்பி-ல ஒன்னு நல்லா தள்ளும் இன்னொன்னு சூடு மட்டும்தான் ஆகும்.

கன்னோட தேவையிலேர்ந்து கணக்கு போடுங்க. எஃப்30 மாடல் மாதிரி 18 கேஜ் (ஆணியோட கனம்) பிராட் நெய்லர் ஒரு அடிக்கு ஒரு லிட்டர் பக்கம்தான் குடிக்கும், அதுவும் வெளிக்காத்து, அதாவது அழுத்தாத காத்து கணக்குல. இன்டீரியர் வேலையில பீடிங் அடிக்கிறீங்க, பேக் பிளை அடிக்கிறீங்க, நடுவுல அளக்கணும், கட் பண்ணணும், கம் போடணும், நிமிஷத்துக்கு பத்து ஆணி அடிச்சாலே பெரிசு. அப்போ தேவை நிமிஷத்துக்கு 10 லிட்டர். இதுக்கு 550 வாட், அதாவது முக்கா ஹெச்பி மெஷினே தாராளம்.

பேலட், பேக்கிங் பெட்டி அடிக்கிற காயில் நெய்லர் (ஆணிய சுருளா மாட்டுறது) கதை வேற. அது ஒரு அடிக்கு ரெண்டு மூணு லிட்டர் எடுக்கும், ஆளும் நிறுத்தாம நிமிஷத்துக்கு நாப்பது அடி அடிப்பாரு, நிமிஷத்துக்கு 100 லிட்டர போட்டு வாங்கும். அதுக்கு தூக்கிட்டு போற கம்ப்ரசர் எல்லாம் சரிப்படாது, 100 லிட்டர் டேங்க்கோட பெல்ட் வச்ச மெஷின ஒரு மூலையில நிறுத்தி பைப் இழுத்துக்கங்க.

சிஎஃப்எம்-னு ஒன்னு போட்ருக்கே அது என்ன, பாக்ஸ்ல இருக்கிறத நம்பலாமா?

நிமிஷத்துக்கு எத்தன கன அடி காத்து-ங்கிற கணக்கு, 1 சிஎஃப்எம் 28.3 லிட்டர். பாக்ஸ்ல பெருசா போட்டிருக்கிறது பெரும்பாலும் டிஸ்ப்ளேஸ்மென்ட், அதாவது பிஸ்டன் மேலயும் கீழயும் போறப்போ நகர்த்துற இடம். நெசமா ஹோஸ் வழியா வெளிய வர்ற காத்த எஃப்ஏடி-ன்னு சொல்வாங்க, அது சின்ன மெஷின்ல அதுல பாதியோ முக்காலோதான் இருக்கும், பிரஷர் ஏற ஏற இன்னும் குறையும். எஃப்ஏடி எத்தன பார்ல (இதுவும் பிரஷர் அளவுதான்) எவ்ளோன்னு தெளிவா போட்டிருக்கிற கம்பெனிய நம்பலாம், வெறும் சிஎஃப்எம்-னு மட்டும் போட்டிருந்தா டிஸ்ப்ளேஸ்மென்ட்டுன்னு எடுத்துக்கங்க.

கடையிலயே அளந்து பாக்கலாம், செல்போன்ல ஸ்டாப்வாட்ச் போதும். அவுட்லெட்ட மூடிட்டு மெஷின ஓட விடுங்க, டேங்க் கேஜ் 4 பார்லேர்ந்து 6 பார் போக எத்தன செகண்டுன்னு பாருங்க. டேங்க் 24 லிட்டர்னா 24 தடவ 2, 48 லிட்டர் காத்து உள்ள போயிருக்கு. 40 செகண்ட் ஆச்சுன்னா நிமிஷத்துக்கு 72 லிட்டர், அதாவது ரெண்டரை சிஎஃப்எம். கன் ஓடுற பிரஷர்லயே அளக்குறதுனால இந்த நம்பர் பாக்ஸ்ல இருக்கிற நம்பர விட ஆயிரம் மடங்கு நெசம். கடைக்காரர் ஓட்டிக் காட்ட மாட்டேன்னா வேற கடைக்கு போங்க, அவ்ளோதான்.

கேஜ்ல பார், பிஎஸ்ஐ, கேஜி-ன்னு மூணு இருக்கு, எதப் பாக்குறது?

எதையாவது ஒன்ன பிடிச்சுக்கங்க. 1 பார் 14.5 பிஎஸ்ஐ. நம்ம ஆளுங்க "ஆறு கிலோ வைப்பா"ன்னு சொல்றாங்கல்ல, அந்த கேஜியும் பாரும் கிட்டத்தட்ட ஒன்னுதான், நம்ம வேலைக்கு வித்தியாசம் பாக்க வேண்டியதில்ல. 6 கிலோன்னா 85, 87 பிஎஸ்ஐ-ன்னு மனசுல வச்சா போதும்.

டேங்க் 8 லிட்டர் வாங்கலாமா, 24-ஆ, இல்ல 50-ஆ?

டேங்க் காத்த உருவாக்காது, சேத்து மட்டும்தான் வைக்கும், அதனால டேங்க் பெருசுன்னா மெஷின் பவர்னு நினைக்காதீங்க. இந்த மாதிரி மெஷின் பெரும்பாலும் 8 பார்ல நிக்கும், அஞ்சரை பார் பக்கம் இறங்கினா திரும்ப ஓடும். நடுவுல இருக்கிற ரெண்டரை பார்தான் உங்க கைக்காசு. 24 லிட்டர்னா 60 லிட்டர் காத்து, அதாவது மோட்டார் ஓடாமயே அறுபது பிராட் ஆணி. 8 லிட்டர்னா இருபது.

இருபதுன்னா மோசமில்ல, ஆனா மோட்டார் அடிக்கடி ஸ்டார்ட் ஆகி நிக்கும், ஸ்டார்ட் ஆகுறப்பதான் மோட்டாருக்கும் கெப்பாசிட்டருக்கும் அடி. குடியிருக்கிற வீட்டுக்குள்ள வேலைன்னா வீட்டுக்காரங்க முகமும் மாறும். தனி ஆளா இன்டீரியர் வேலை பாக்குறவங்களுக்கு 24, 30 லிட்டர்தான் சரியான இடம்னு எனக்கு தோணுது. 50 லிட்டர தூக்கிட்டு மூணாவது மாடி ஏறிப் பாருங்க, அப்புறம் பேசலாம்.

ஆயில் ஊத்துற மாடலா, ஆயில் ஃப்ரீயா? ஆயில் ஃப்ரீ சீக்கிரம் போயிடும்னு சொல்றாங்களே?

ஆயில் ஊத்துற பம்ப் நீண்ட நேரம் ஓடும், தேய்மானம் கம்மி, ரிங்கு மாத்தி வால்வ் பிளேட் மாத்தி பத்து வருஷம் கூட ஓட்டலாம். ஆனா சமமான தரையில வைக்கணும், ஆயில் லெவல் பாக்கணும், வண்டியில படுக்க வச்சு கொண்டு போகக் கூடாது. ஆயில் ஃப்ரீல டெஃப்லான் மாதிரி ரிங் போட்டிருப்பாங்க, அது தேய்ஞ்சா மாத்தித்தான் ஆகணும், நிறுத்தாம அரை மணி நேரம் ஓட விட்டா சூட்டுலயே சீக்கிரம் போயிடும். நெய்ல் கன் வேலையில கம்ப்ரசர் ஓடுறத விட சும்மா நிக்கிற நேரம்தான் அதிகம், அதனால இந்த வேலைக்கு ஆயில் ஃப்ரீ தாராளமா தாங்கும்.

சத்தத்தையும் பாருங்க. 2,800 ஆர்பிஎம்-ல ஓடுற டைரக்ட் டிரைவ் மெஷின் ஓடுனா பக்கத்துல நின்னு பேச முடியாது. 1,400 ஆர்பிஎம்-ல ஓடுற சைலன்ட் ஆயில் ஃப்ரீன்னா ரூம்ல போன் பேசலாம். அபார்ட்மென்ட்ல வேலை பாக்குறவங்க இதுக்கே கொஞ்சம் காசு சேத்து குடுக்கலாம், செக்ரட்டரி வந்து கதவ தட்ட மாட்டாரு.

ஆயில் மாடல் வாங்கினா கம்ப்ரசர் ஆயில் மட்டும் ஊத்துங்க. பைக்குக்கு ஊத்தினது மிச்சம் இருக்குன்னு அத ஊத்துறாங்க, அதுல இருக்கிற டிடர்ஜென்ட் சரக்கு சூட்டுல கரி பிடிச்சு வால்வுல போய் ஒட்டிக்கும். ஆயில் லெவல் பாக்குற கண்ணாடியில சிவப்பு புள்ளி இருக்கும், அதோட நடுவுல ஆயில் நிக்கணும். புதுசுன்னா முதல் ஆயில சீக்கிரமே மாத்திடுங்க, உள்ள தேய்ஞ்ச இரும்புத் தூள் எல்லாம் அதோட வந்துடும்.

அண்ணே நான் எக்ஸெல் வண்டியிலதான் வேலைக்கு போறேன், எனக்கு எது சரிப்படும்?

8, 9 லிட்டர் 550 வாட் ஆயில் ஃப்ரீ. 15 கிலோ சுத்தி இருக்கும், முன்னாடி கால் வைக்கிற இடத்துல நிறுத்தி கட்டிக்கலாம், சாஞ்சாலும் ஆயில் கொட்டாது. காத்த முழுசா இறக்கிட்டு ஏத்துங்க, டேங்க்ல 8 கிலோ பிரஷர் வச்சுக்கிட்டு ஸ்பீடு பிரேக்கர்ல குதிச்சுப் போக வேணாம். ரெகுலேட்டர் (கன்னுக்கு போற பிரஷர கூட்டிக் குறைக்கிறது) கைப்பிடியும் கேஜும்தான் முதல்ல உடையுற இடம், அந்தப் பக்கம் ஒரு பழைய துணிய சுத்திடுங்க.

கன்னுக்கு பிரஷர் எவ்ளோ வைக்கணும்? ஃபுல்லா திறந்து விட்டா நல்லா இறங்குமில்ல?

பிராட் நெய்லர், ஸ்டேப்ளர் எல்லாம் 4-லேர்ந்து 7 பாருக்குள்ள ஓடுறது. ஒரு வேஸ்ட் கட்டைய எடுத்து 5-ல ஆரம்பிங்க, ஆணி தலை மரத்தோட சமமாவோ ஒரு நூல் உள்ளயோ போனா அதுதான் உங்க செட்டிங், போகலன்னா கால் கால் பாரா ஏத்துங்க. எம்டிஎஃப்-க்கு (மர நார அழுத்திச் செஞ்ச பலகை) வச்ச பிரஷர் தேக்குக்கு பத்தாது, தேக்குக்கு வச்சத எம்டிஎஃப்-ல அடிச்சா ஆணி குழி பறிச்சுடும். சின்ன வித்தியாசத்த கன் மூக்குல இருக்கிற டெப்த் திருகுல சரி பண்ணிக்கங்க, எல்லாத்துக்கும் ரெகுலேட்டர திருகாதீங்க.

ஃபுல்லா வச்சா உள்ள பிஸ்டன் போய் ரப்பர் பம்பர்ல இடிக்கிற அடி மொத்தமும் மரத்துக்கு போகாம கன்னுக்கே போகும், பம்பர் உடைஞ்சு துண்டா வெளிய வரும். கன் மேலயே மேக்ஸ் பிரஷர் எழுதிருப்பாங்க, அத தாண்டவே கூடாது. இன்னொன்னு, பிரஷர குறைக்கணும்னா தேவைக்கு கீழ வரைக்கும் இறக்கிட்டு அப்புறம் மேல ஏத்தி நிறுத்துங்க, மேலேர்ந்து இறக்கி நிறுத்தினா ஒரு அடி அடிச்சதும் கேஜ் வேற நம்பர் காட்டும்.

ஹோஸ் எத்தன மீட்டர், எந்த சைஸ்? கம்ப்ரசரோட ஒரு சுருள் ஹோஸ் ஃப்ரீயா குடுத்தாங்க.

அந்த சுருள் ஹோஸ் ஒர்க்‌ஷாப் டேபிளுக்கு ஓகே, சைட்ல அது உங்கள பின்னாடி இழுத்துக்கிட்டே இருக்கும், ஏணி மேல நிக்கிறப்போ அது ஆபத்து. நேரா இருக்கிற பியூ (பாலியூரித்தேன்) ஹோஸ் வாங்குங்க. வெளி விட்டம் 8 மில்லி, உள் விட்டம் 5 மில்லி இருக்கிறது பிராட் கன்னுக்கு 10 மீட்டர் வரைக்கும் போதும். காங்கிரீட் கன், காயில் நெய்லர்னா உள் விட்டமே 8 மில்லி இருக்கணும். கடையில 8 எம்எம்-னு சொன்னா வெளியா உள்ளயான்னு கேளுங்க, நம்ம ஊர் கடைங்கள்ல வெளி அளவத்தான் சொல்வாங்க.

கப்ளர கன்னுல மாட்டணுமா ஹோஸ்ல மாட்டணுமா, எப்படி மாட்டினா என்ன?

காத்த அடைச்சு நிறுத்துற பொம்பள கப்ளர் ஹோஸ் பக்கம், வெறும் ஓட்டையா இருக்கிற நிப்பிள் கன் பக்கம். மாத்தி மாட்டாதீங்க, இது முக்கியம். மாத்தி மாட்டினா ஹோஸ கழட்டின பிறகும் கன்னுக்குள்ள காத்து அடைஞ்சே நிக்கும், கழட்டியாச்சேன்னு நினைச்சு சிக்கின ஆணிய எடுக்க விரல விடுவீங்க, ஒரு அடிக்கு அந்தக் காத்து போதும்.

எல்லா கன்னுக்கும் ஒரே மாடல் கப்ளரா வாங்குங்க, கால் இஞ்ச் திரெட்தான் பெரும்பாலும் வரும். டெஃப்லான் டேப்ப முதல் திரெட்ட விட்டுட்டு ரெண்டாவதுலேர்ந்து சுத்துங்க, இல்லன்னா டேப் துண்டு பிஞ்சு ட்ரிகர் வால்வுக்குள்ள போய் உக்காந்துக்கும்.

சைட்ல கரண்ட் தூரமா இருக்கு, 30 மீட்டர் ஒயர் இழுத்து கம்ப்ரசர் போட்டா ம்ம்ம்னு சத்தம் மட்டும் வருது, ஓட மாட்டேங்குது?

கம்ப்ரசர கரண்ட் பக்கத்துல வைங்க, காத்த தூரமா இழுங்க. இதுதான் இந்தக் கேள்விக்கு மொத்த பதிலும். ஹோஸ் நீளமானா கொஞ்சம் பிரஷர் போகும், அத ரெகுலேட்டர்ல ஏத்திக்கலாம், ஒயர்ல வோல்டேஜ் போனா மோட்டார் எரியும். 2 ஹெச்பி மெஷின் ஓடுறப்போ 7, 8 ஆம்பியர் எடுக்கும், ஸ்டார்ட் ஆகுற அந்த ஒரு செகண்ட்ல அத போல அஞ்சாறு மடங்கு இழுக்கும், மெல்லிசு ஒயர்ல வோல்டேஜ் அப்படியே படுத்துடும், மோட்டார் திரும்பாம உறுமும், சூடாகி ஓவர்லோட் பட்டன் வெளிய வரும்.

ஒயர் இழுத்தே ஆகணும்னா 2 ஹெச்பி-க்கு 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயர், 16 ஆம்பியர் பிளக். டிரம்ல சுத்தி இருக்கிற எக்ஸ்டென்ஷன முழுசா பிரிச்சு விடுங்க, சுருட்டி வச்சு ஓட்டினா ஒயர் உருகும். 5 ஆம்பியர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல 2 ஹெச்பி சொருகறத நெறைய சைட்ல பாக்குறேன், கருகின பிளக்கோட வர்றாங்க. முக்கா ஹெச்பி-க்கு இவ்ளோ கவலை இல்ல, 1.5 ஸ்கொயர் ஒயர் போதும். ஜெனரேட்டர்னாலும் இதே ஸ்டார்ட்டிங் கணக்குதான், 2 ஹெச்பி மெஷின 2 கேவிஏ ஜென்செட்ல போட்டுட்டு ஜென்செட் மேல பழி போடக் கூடாது.

ஆணி முழுசா இறங்க மாட்டேங்குது, பெரிய கம்ப்ரசரா மாத்திடலாமா?

மாத்துறதுக்கு முன்னாடி இத பாருங்க. கன் சும்மா இருக்கிறப்போ ஹோஸ் எவ்ளோ நீளமா இருந்தாலும் ரெண்டு முனையிலயும் பிரஷர் ஒன்னாத்தான் இருக்கும், காத்து ஓடுறப்பதான் குறையும். அதனால ஒருத்தர கேஜ பாக்கச் சொல்லிட்டு வேகமா அஞ்சாறு அடி அடிங்க. முதல் அடி நல்லா இறங்கி மூணாவது நாலாவதுலேர்ந்து நிக்குதுன்னா காத்து வந்து சேரல, ஹோஸ் மெல்லிசு இல்ல கப்ளர் அடைப்பு இல்ல ரெகுலேட்டர் குறைச்சல். ஒரு அடி அடிச்சு நிறுத்தி அடுத்த அடி அடிச்சாலும் நிக்குதுன்னா கம்ப்ரசர் மேல தப்பே இல்ல, கன்ல பிஸ்டன் ஓ-ரிங் காஞ்சிருக்கும், இல்ல ஆணிய தள்ளுற பிளேடு நுனி மழுங்கியிருக்கும்.

ஆணி வளைஞ்சு மடங்குதுன்னா அது வேற, கெட்டியான மரத்துல ரொம்ப நீளமான மெல்லிசு ஆணி. வேங்கையில 50 மில்லி பிராட் ஆணிய நேரா இறக்க எந்த கம்ப்ரசராலயும் முடியாது. மேல வைக்கிற பலகை எவ்ளோ கனமோ அதுல மூணு மடங்கு ஆணி நீளம்னு ஒரு கணக்கு இருக்கு, கெட்டி மரத்துக்கு அதுக்கும் கொஞ்சம் கீழ வாங்க.

கன்னுக்கு எண்ணெய் விடணுமா? என்ன எண்ணெய், தேங்காய் எண்ணெய் விடலாமா?

தேங்காய் எண்ணெய் கேட்டவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, அதான் எழுதுறேன்: வேணாம், ஆறி உறைஞ்சு பிசின் மாதிரி பிடிச்சுக்கும். நியூமேட்டிக் ஆயில்னு சின்ன பாட்டில்ல கிடைக்கும், காலையில வேலை ஆரம்பிக்கிறப்போ நிப்பிள் ஓட்டையில ரெண்டு மூணு சொட்டு, நாள் முழுக்க அடிக்கிறீங்கன்னா மதியம் திரும்ப ரெண்டு. டபிள்யூடி-40 எண்ணெய் கணக்குல வராது, இருக்கிற எண்ணெயையும் கழுவிடும், ஓ-ரிங்குக்கும் ஆகாது. கன் மேல ஆயில் ஃப்ரீன்னு எழுதியிருந்தா மட்டும் விடாதீங்க.

கம்ப்ரசர்ல ஆயில் இருக்கே, அதுவே கன்னுக்கு போகாதான்னு கேப்பாங்க. போகக் கூடாது, போனா பம்ப் ரிங் தேய்ஞ்சிருக்குன்னு அர்த்தம்.

டேங்க் அடியில திறந்தா துருத் தண்ணி கொட்டுது, டூப்ளிகேட் மெஷினா?

எல்லா மெஷின்லயும் வரும். எட்டு ஒன்பது லிட்டர் வெளிக்காத்த ஒரு லிட்டர் இடத்துல திணிக்கிறோம், அதுல இருக்கிற ஈரமும் கூடவே சேந்து வருது, டேங்க்ல ஆறினதும் தண்ணியா இறங்கிடும். சென்னை, தூத்துக்குடி மாதிரி கடல் ஓரத்துல, மழை நாள்ல இன்னும் ஜாஸ்தி. தினம் சாயங்காலம் ஒரு பார் காத்து மிச்சம் இருக்கிறப்போ மெஷின டிரெய்ன் பக்கம் லேசா சாச்சு திறந்து விடுங்க, ராத்திரி முழுக்க திறந்தே கிடக்கட்டும். ஃபுல் பிரஷர்ல திறந்தா துரு மூஞ்சில அடிக்கும். துருத் தண்ணி வந்தா வாரக்கணக்குல யாரும் திறக்கலன்னு அர்த்தம், அது டேங்க உள்ளேர்ந்து தின்னுக்கிட்டு இருக்கு. இதோட மிச்ச கதை கடைசி கேள்வியில.

ஆஃப் ஆகுறப்போ புஸ்ஸுன்னு காத்து போகுது, லீக்கா?

அந்த ஒரு தரம் புஸ்ஸுன்னு போறது நல்லது. பம்ப்புக்கும் டேங்குக்கும் நடுவுல இருக்கிற குழாய்க் காத்த அன்லோடர் வால்வு வெளிய விடுது, அப்பதான் மோட்டார் அடுத்த தடவ லேசா ஸ்டார்ட் ஆகும். நிக்காம போய்க்கிட்டே இருந்தாத்தான் தப்பு, டேங்க் வாயில இருக்கிற செக் வால்வு மூடல, தூசி உக்காந்திருக்கும், கழட்டி சுத்தம் பண்ணினா பெரும்பாலும் சரியாயிடும்.

அந்த புஸ்ஸு வரவே இல்ல, காலி டேங்க்ல நல்லா ஸ்டார்ட் ஆகுது, அஞ்சரை பார்ல திரும்ப ஸ்டார்ட் ஆகுறப்ப மட்டும் உறுமுதுன்னா அன்லோடர் அடைச்சிருக்கு. புஸ்ஸு வந்தும் உறுமுதுன்னா கெப்பாசிட்டர், இல்ல மேல சொன்ன ஒயர் பிரச்சனை. மோட்டார் வைண்டிங் கட்டணும்னு யாராவது சொன்னா முதல்ல இந்த மூணையும் பாக்கச் சொல்லுங்க.

கன் சும்மா இருக்கிறப்பவே காத்து கசியுது, எங்க கழட்டுறது?

எங்கேர்ந்து வருதுன்னு கைய வச்சுப் பாருங்க, ஆணி மேகசின கழட்டிட்டு, மூக்குப் பக்கம் கை போகாம. ட்ரிகர்கிட்ட வந்தா ட்ரிகர் வால்வு ஓ-ரிங். தலையில எக்ஸாஸ்ட் வழியா வந்தா ஹெட் வால்வு ஓ-ரிங். மூக்கு வழியா வந்தா பம்பரோ சிலிண்டர் சீலோ. கழட்டுறதுக்கு முன்னாடி ஹோஸ பிடுங்குங்க, கப்ளர் சரியான பக்கம் இருக்கான்னும் பாத்துக்கங்க.

ஒரே கம்ப்ரசர்ல ரெண்டு கன் மாட்டலாமா?

பிராட் ரெண்டுன்னா தாராளமா, ரெண்டு பேரும் நிமிஷத்துக்கு பத்து அடிச்சாலும் 20 லிட்டர்தான். டி கப்ளர் ஒன்னு போடுங்க. ஒன்னு பிராட் ஒன்னு காங்கிரீட் கன்னுன்னா பிரஷர் வேற வேற வேணும், பிராட் கன் லைன்ல தனியா ஒரு சின்ன ரெகுலேட்டர் போட்டுடுங்க, இல்லன்னா காங்கிரீட்டுக்கு வச்ச ஏழு கிலோல இது அடிவாங்கும்.

காங்கிரீட் கன்னு சின்ன கம்ப்ரசர்ல ஓடுமா?

எஸ்டி64 மாதிரி கன் ஓடும், அடிக்கு காத்து கொஞ்சம் ஜாஸ்தி, 6, 7 பார் வேணும், மெதுவா அடிச்சா 24 லிட்டர் போதும். சுவர்தான் பிரச்சனை. செங்கல் மேல பூச்சு, ஏஏசி பிளாக்னா (லேசான நுரை காங்கிரீட் கல்) ஆணி போகும் ஆனா ஏஏசி-ல பிடிப்பு இருக்காது. பழைய கெட்டியான ஆர்சிசி பீம்னா ஜல்லி மேல பட்டு ஆணி தெறிக்கும், அங்க டிரில் போட்டு ஸ்க்ரூ வைக்கிறதுதான் வேலை. கண்ணாடி போடாம காங்கிரீட் கன்ன தொடாதீங்க.

மூக்குல இருக்கிற சேஃப்டிய கட்டி வச்சுட்டா வேகமா அடிக்கலாம்னு மேஸ்திரி சொல்றாரு?

மேஸ்திரி விரல் எண்ணிப் பாத்தீங்களா. அந்த மூக்க மரத்துல அழுத்தினாத்தான் ஆணி வரணும், கம்பி போட்டு கட்டினா கீழ விழுந்தாக் கூட அடிக்கும். வேகம் வேணும்னா ட்ரிகர அமுக்கிப் பிடிச்சுக்கிட்டு மூக்க தட்டித் தட்டி அடிக்கிற வசதி சில கன்லயே இருக்கு, அதுவும் பேலட் வேலைக்குத்தான், ஏணி மேல வேணாம். மெல்லிசு ஆணி மர ரேகை போற போக்குல வளைஞ்சு பக்கவாட்டுல வெளிய வரும், அதனால பிடிக்கிற கைய ஆணி நீளத்துக்கு மேல தள்ளி வைங்க.

இதே கம்ப்ரசர்ல பெயின்ட், பாலிஷ் ஸ்ப்ரே அடிச்சுக்கலாமா?

சின்னச் சின்ன டச்சப் அடிக்கலாம். ஒரு வார்ட்ரோப் கதவு முழுக்கன்னா கஷ்டம், நெய்ல் கன் விட்டு விட்டு குடிக்கும், ஸ்ப்ரே கன் நிறுத்தாம குடிக்கும், சாதா கன்னே நிமிஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல கேக்கும். மேல சொன்ன ஸ்டாப்வாட்ச் கணக்குல வந்த நம்பரோட ஒப்பிட்டுப் பாருங்க, பதில் தெரிஞ்சுடும்.

அடிக்கிறதுன்னா ஹோஸ மாத்துங்க. நெய்ல் கன்னுக்கு சொட்டு விட்ட எண்ணெய் ஹோஸ் முனையில இருக்கும், அது ஒரு துளி பாலிஷ்ல விழுந்தா மீன் கண்ணு மாதிரி வட்ட வட்டமா விலகிடும், திரும்ப தேய்ச்சுத்தான் ஆகணும். வாட்டர் ஃபில்டரும் வேணும்.

பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர், காலி கேஸ் சிலிண்டர் வச்சு நானே செஞ்சுக்கலாமா? இல்ல வெல்டிங் கடை ஆக்சிஜன் சிலிண்டர நேரா மாட்டலாமா?

ஆக்சிஜன் வேணவே வேணாம், எண்ணெய் பட்ட கன்னுக்குள்ள அழுத்தமான ஆக்சிஜன் போனா வெடிக்கும், கன் கையிலதான் இருக்கும். சமையல் கேஸ் சிலிண்டர் உங்க பேர்ல இருந்தாலும் அது எண்ணெய் கம்பெனியோட சொத்து, அதுல வெல்டு வைக்கிறது சட்டப்படியும் தப்பு, உள்ள மிச்ச கேஸ் இருந்தா உயிருக்கும் ஆபத்து. ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர் சத்தமில்லாம ஓடும்தான், ஆனா தள்ளுற காத்து ரொம்ப கம்மி, தன்னோட ஆயிலையும் காத்தோட துப்பிடும். இவ்ளோ பாடு படுறதுக்கு முக்கா ஹெச்பி மெஷினே வாங்கிடலாம்.

செகண்ட் ஹேண்ட்ல ஒரு 2 ஹெச்பி வருது, நல்ல கம்பெனி, என்ன பாத்து வாங்கறது?

பம்ப், மோட்டார் ரெண்டும் போனாலும் மாத்திக்கலாம். எல்ஜி (கம்ப்ரசர் கம்பெனி, டிவி எல்ஜி இல்ல) 1960-லேர்ந்து இந்த ஊர்லதான் இருக்காங்க, அது போக சின்னச் சின்ன கம்பெனி நெறைய, கோயம்புத்தூர்ல ரிங் செட்டுக்கும் வால்வ் பிளேட்டுக்கும் அலைய வேண்டியதில்ல. மாத்த முடியாதது டேங்க், அதனால அதத்தான் முதல்ல பாக்கணும். டிரெய்ன திறங்க, கொஞ்சம் பழுப்புத் தண்ணி பரவாயில்ல, செதில் செதிலா துரு வந்தா எந்திரிச்சு வந்துடுங்க. அடிப்பக்கம் வெல்டு வச்சு பெயின்ட் அடிச்ச இடம் தெரிஞ்சாலும் அப்படித்தான். உங்க டேங்க்லயே ஓட்டை விழுந்தா அதுக்கும் இதே பதில்தான், ஒரு இடத்துல ஓட்டைன்னா சுத்தி இருக்கிற தகடு எல்லாமே காகிதமாயிருக்கும், வெல்டு வச்சா ஓட்டை அடையும், அடுத்து அது கசியாது, பிளக்கும்.

டேங்க் நல்லாருந்தா ஸ்டாப்வாட்ச் டெஸ்ட் பண்ணுங்க, 8 பார்ல தானா நிக்குதான்னு பாருங்க, சேஃப்டி வால்வு வளையத்த இழுத்தா காத்து அடிச்சு விட்டதும் மூடுதான்னு பாருங்க. நின்ன பிறகு புஸ்ஸு வருதா, அஞ்சரை பார்ல தானே ஸ்டார்ட் ஆகுதா. கடைசியா ஆஃப் பண்ணி வச்சுட்டு விக்கிறவரோட ஒரு டீ குடிச்சுட்டு வாங்க, கேஜ் முள்ளு கீழ இறங்கியிருந்தா சோப்புத் தண்ணி தடவி எங்க நுரை வருதுன்னு பாத்துட்டு அப்புறம் விலை பேசுங்க.